வெண்கோபுரத்தில் ஒரு விண்மீன் கணக்கர்

பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு

கோட்டை என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை எவை? ஆழமான அகழி, வானை முட்டும் மதில், வாளேந்திய வீரர், இருள் சூழ்ந்த சிறை. இவைதாமே? ஆனால் போரும் பகையும் புகுந்து விளையாடிய ஒரு கோட்டையின் உச்சியில் ஏறி நின்று, பகைவரைப் பாராமல் வானத்து மீன்களைப் பார்த்துக் கணக்கெழுதினார் ஒருவர். அவர்தான் ஜான் பிளாம்ஸ்டீட். இங்கிலாந்து நாட்டின் முதல் அரச வானியலார்.

நியூட்டனை அறியாத இயற்பியல் மாணவர் உண்டா? ஹாலியின் பெயரை வால்மீனோடு சேர்த்து நாம் எல்லாரும் அறிவோம். அவ்விருவருக்கும் தேவைப்பட்ட அளவீடுகளை இரவெல்லாம் கண்விழித்து எடுத்துத் தந்தவர் பிளாம்ஸ்டீட். வானியல் நூல்களில் நிலைபெற்ற பெயர் அவருடையது. ஆயினும் நம் வகுப்பறையில் அது ஒலிப்பது அரிது. அந்தக் குறையை என்னால் இயன்ற அளவு தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடல் கடந்து செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதில்லை. நூல்களையும் படங்களையும் வரைபடங்களையும் துணையாகக் கொண்டு, மனத்தால் அக்கோட்டையின் படிகளில் ஏறி இறங்கி வந்தவன் நான். மாணவ நண்பர்களே! நீங்களும் என்னுடன் வாருங்கள். கட்டணம் இல்லை, களைப்பும் இல்லை.

கோட்டைக்குள் ஒரு கோட்டை

இலண்டன் மாநகரின் நடுவே, தேம்ஸ் ஆற்றின் வடகரையில் நிற்கிறது இலண்டன் கோபுரக் கோட்டை. சுற்றிலும் வானுயர்ந்த கண்ணாடிக் கட்டடங்கள், இடைவிடாத போக்குவரத்து. அவற்றின் நடுவே இரண்டு சுற்று மதில்கள். அம்மதில்களுக்குள்ளே தனியாக எழுந்து நிற்பதுதான் வெண்கோபுரம். வெளி மதில் வீழ்ந்தாலும் கடைசி வரை நின்று காக்க வேண்டிய இடம் அது. கோட்டைக்குள் ஒரு கோட்டை என்று அதைச் சொல்லலாம்.

1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னர் வில்லியம், தோற்ற மக்களை அச்சுறுத்தி அடக்கி வைக்க எழுப்பிய கோபுரம் இது. 1070-களில் வேலை தொடங்கியது. ரோச்செஸ்டர் நகரத்து ஆயர் குண்டல்ஃப் என்பார் மேற்பார்வையிட்டார். பிரான்சின் கான் நகரிலிருந்து கப்பலில் கல் வந்தது. ஏறத்தாழ 36 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், 27 மீட்டர் உயரம். அடியில் சுவரின் கனம் மட்டும் நாலரை மீட்டர்! நம் வகுப்பறையில் நான்கைந்து பெஞ்சுகள் போடும் இடத்தை ஒரு சுவரே விழுங்கிவிடும். வாயிலைத் தரையில் வைக்காமல் முதல் தளத்தில் வைத்தார்கள். ஆபத்து வந்தால் மரப்படியை அகற்றிவிடலாம் அல்லவா? 1240-இல் மன்னர் மூன்றாம் ஹென்றி சுவருக்கு வெள்ளையடிக்கச் செய்தார். வெண்கோபுரம் என்னும் பெயர் அதனால் வந்தது.

கோபுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறு கோபுரங்கள் உண்டு. அவற்றுள் மூன்று சதுரமானவை. வடகிழக்கு மூலையில் உள்ளது மட்டும் வட்டமானது. சுருள்படிக்கட்டு அதற்குள் ஏறுவதால் அவ்வடிவம். அந்த வட்டக் கோபுரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதாநாயகர் ஏறப்போகும் இடம் அதுதான்.

இக்கோபுரத்தின் முதல் பெருங்கைதி ரனுல்ஃப் பிளாம்பார்ட் என்னும் ஆயர். 1100-இல் அடைக்கப்பட்ட அவர், மறு ஆண்டே கயிறு கட்டி இறங்கித் தப்பிவிட்டார். 1483-இல் இக்கோட்டையில் தங்கவைக்கப்பட்ட இளவரசச் சிறுவர் இருவர் அப்புறம் காணப்படவே இல்லை. 1674-இல் வெண்கோபுரத்துப் படிக்கட்டின் அடியில் இரு சிறுவர்களின் எலும்புகள் கிடைத்தபோது, அவை அவர்களுடையவை என்றே அன்றைய மக்கள் நம்பினர். அந்த எலும்புகள் கிடைத்த அடுத்த ஆண்டில்தான், இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் தொலைநோக்கியோடு இங்கு வந்து சேர்ந்தார்.

பள்ளியோடு நின்ற படிப்பு

யார் அந்த இளைஞர்? 1646-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள், டார்பி நகருக்கு அருகிலுள்ள டென்பி என்னும் ஊரில் பிறந்தார் ஜான் பிளாம்ஸ்டீட். தந்தை ஸ்டீபன், மது வடிக்க உதவும் முளைகட்டிய வாற்கோதுமையை விற்கும் வணிகர். சிறு வயதிலேயே தாயை இழந்தார் ஜான். டார்பி நகரத்துப் பள்ளியில் நன்றாகவே படித்து வந்தார். பதினான்கு வயதில் மூட்டுகளைப் பலவீனப்படுத்தும் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. நடக்கவும் சிரமம் ஆயிற்று. 1662-இல் பள்ளியை விட்டு நின்றார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தந்தைக்கு மனம் வரவில்லை. மகனின் உடல்நலம் ஒரு காரணம்; வணிகத்துக்குக் கைத்துணை தேவைப்பட்டது மற்றொரு காரணம்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் சற்றே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பத்தாம் வகுப்போடு தொழிலுக்குப் போன உறவினர்கள் எனக்கு நிறைய உண்டு. பள்ளி நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்றுதான் எங்கள் தெருவில் எல்லாரும் எண்ணுகிறோம். டார்பி நகரத்து அந்தச் சிறுவன் அப்படி எண்ணவில்லை.

வீட்டோடு கிடந்த அந்த ஆண்டிலேயே, சாக்ரோபாஸ்கோ என்பார் எழுதிய வானக்கோளம் பற்றிய பழைய நூல் ஒன்று இரவலாகக் கிடைத்தது. இலத்தீன் மொழியில் இருந்த அந்நூலை விரும்பிப் படித்தான். 1662 செப்டம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைத் தானே கண்டு குறித்து வைத்தான். அன்று தொடங்கிய பழக்கம் ஐம்பத்தேழு ஆண்டுகள், அவர் மூச்சு அடங்கும் வரை நிற்கவில்லை.

1665-இல், கையால் தொட்டே நோய் தீர்ப்பார் எனப் புகழ்பெற்ற கிரேட்ரேக்ஸ் என்பவரை நாடி அயர்லாந்து வரை சென்று வந்தார். நோய் தீரவில்லை. அதற்காக வானத்தை விட்டுவிடவும் இல்லை. அச்சிட்ட அட்டவணைகள் சொல்லும் நேரமும் வானம் காட்டும் நேரமும் பொருந்தவில்லை என்பதை மீண்டும் மீண்டும் கண்டார். அட்டவணை தவறாக இருக்கலாம், வானம் தவறாது. இதுவே அவர் வாழ்வின் அடிப்படைக் கொள்கை ஆயிற்று.

1669-இல், அடுத்த ஆண்டில் நிலவு எந்தெந்த விண்மீன்களை மறைக்கும் என்று கணக்கிட்டு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். தம் பெயரை நேராக எழுதக் கூச்சம் போலும்! பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி வேறொரு சொற்றொடர் போல் எழுதி அனுப்பினார். அறிஞர்கள் எழுதியவர் யார் என்று கண்டுகொண்டார்கள். மறு ஆண்டு இலண்டன் சென்றபோது, சர் ஜோனஸ் மூர் என்பவரின் நட்புக் கிடைத்தது. மூர் கணித வல்லுநர். அரசின் படைக்கலத் துறையில் உயர் அதிகாரி. அவருடைய இருப்பிடம் எது தெரியுமா? அதே இலண்டன் கோபுரக் கோட்டைதான்!

திசை தெரிந்தும் இடம் தெரியாத கப்பல்கள்

கோட்டைக்கும் வானியலுக்கும் என்ன தொடர்பு? அதற்கு விடை கடலில் இருக்கிறது.

நடுக்கடலில் செல்லும் மாலுமிக்கு அட்சரேகையை அறிவது எளிது. நண்பகல் சூரியனின் உயரமோ துருவ மீனின் உயரமோ அதைச் சொல்லிவிடும். தீர்க்கரேகையை அறிவதுதான் கடினம். புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை. தாய்நாட்டுத் துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று நடுக்கடலில் தெரிந்துவிட்டால், நம் இடத்து மணியோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கூறிவிடலாம். ஆனால் அலையில் ஆடும் கப்பலில் சரியாக ஓடும் கடிகாரம் அந்நாளில் இல்லை. அதனால் பொருளும் உயிரும் நிறைந்த கப்பல்கள் பாறையில் மோதி அழிந்தன.

கடிகாரம் இல்லாவிட்டால் என்ன? வானமே ஒரு கடிகாரம் அல்லவா? விண்மீன்களை மணி எண்களாகவும், அவற்றிடையே நகரும் நிலவை முள்ளாகவும் கொண்டால் போதும். 1674-இல் சென் பியேர் என்னும் பிரெஞ்சுக்காரர் இப்படி ஒரு வழியை மன்னர் இரண்டாம் சார்லஸிடம் முன்வைத்தார். மன்னர் அறிஞர் குழு ஒன்றை அமர்த்தினார். கோட்டையில் மூரின் விருந்தினராகத் தங்கியிருந்த பிளாம்ஸ்டீட் அக்குழுவுக்கு உதவியாளர் ஆனார்.

அவர் சொன்ன முடிவு நேரானது. வழி நல்ல வழிதான். ஆனால் கையில் இருக்கும் விண்மீன் பட்டியல் பிழையானது, நிலவின் அட்டவணையும் பிழையானது. நிலவு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 30 கலை நகர்கிறது. அதன் இடத்தில் ஒரு கலை பிழை நேர்ந்தால் நேரத்தில் 2 நிமிடப் பிழை. தீர்க்கரேகையில் அரைப் பாகைப் பிழை. நிலநடுக்கோட்டில் அது 55 கிலோமீட்டர்! நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கப்பலைக் கரைசேர்க்கவும் கவிழ்க்கவும் அந்தத் தொலைவு போதுமே.

மன்னர் இதை உணர்ந்தார். 1675 மார்ச்சு 4-ஆம் நாள் பிளாம்ஸ்டீட் அரச வானியலாராக அமர்த்தப்பட்டார். ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம். படைக்கலத் துறையிலிருந்து கிடைக்கும். பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் அதற்கு முன் ஆண்டுதான் அரசாணையின் வழியே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பட்டம் பெற்றிருந்தார்.

வட்டக் கோபுரத்தின் மேலே

புதிய வானாய்வகம் கட்டி முடியும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. வெண்கோபுரத்தின் வடகிழக்கு மூலையிலிருக்கும் அந்த வட்டக் கோபுரத்தைத் தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். நண்பர்களே, இப்போது அந்தச் சுருள்படியில் நாமும் ஏறுவோம். மூட்டுநோய் கொண்ட ஒருவர் தொலைநோக்கியோடு இப்படிகளில் ஏறியதை எண்ணிப் பாருங்கள். காலடியில் உள்ள அறைகளில் வெடிமருந்துப் பீப்பாய்கள்! ஆம், அந்நாளில் வெண்கோபுரம் வெடிமருந்துக் கிடங்காக இருந்தது. அதன் தேவாலய அறையில் அரசு ஆவணங்கள் குவிந்து கிடந்தன. கீழே அழிவுக்கான மருந்து. மேலே அறிவுக்கான விளக்கு. அறநூறு ஆண்டுகளாகக் கீழ்நோக்கியே பார்த்து மக்களை மிரட்டிய கோபுரம் முதன்முறையாக மேல்நோக்கிப் பார்த்தது.

கோட்டையில் வாழும் அண்டங்காக்கைகள் தொலைநோக்கியைக் கறைப்படுத்தியதாகவும், அவற்றை விரட்டும்படி பிளாம்ஸ்டீட் வேண்டியதாகவும், மன்னர் காக்கைகளை விட்டுவிட்டு வானியலாரைக் கிரீனிச்சுக்கு அனுப்பியதாகவும் ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அது பிற்காலத்தில் எழுந்த கதை; அக்காலத்துச் சான்று ஏதும் அதற்கு இல்லை. கிரீனிச் குன்றைத் தேர்ந்தெடுத்தவர் புகழ்மிக்க கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென்.

1675 ஆகஸ்டு 10-ஆம் நாள் கிரீனிச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது? கெட்டுப்போன பழைய வெடிமருந்தை விற்று வந்தது! செங்கல் டில்பரிக் கோட்டையில் மீந்திருந்தது. மரமும் இரும்பும் ஈயமும் இலண்டன் கோட்டையில் இடித்த ஒரு வாயில் கட்டடத்திலிருந்து வந்தவை. மொத்தச் செலவு 520 பவுன் 9 ஷில்லிங் 1 பென்ஸ். போர்க்கோட்டை ஒன்று தன் எலும்பையும் தசையையும் கொடுத்து அறிவாலயம் ஒன்றை ஈன்றது என்றால் மிகையாகாது.

சிக்கனத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. கிரீனிச் குன்றின்மேல் இருந்த பழைய கோபுரம் ஒன்றின் அடித்தளத்தின் மீதே புதுக்கட்டடத்தை எழுப்பினார்கள். என் தந்தை கொத்தனார். பழைய கடைக்காலில் சுவர் எழுப்பினால் செலவு மிச்சம், ஆனால் பழைய மூலைமட்டம் நம்மை விடாது என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. கிரீனிச்சில் நடந்ததும் அதுவே. கட்டடம் சரியான வடக்கு தெற்காக அமையவில்லை. விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்க வேண்டிய வானியலாருக்கு அந்த அழகிய எண்கோண மண்டபம் முதன்மை வேலைக்குப் பயன்படவில்லை. தோட்டத்து மூலையில் ஒரு சிறு கொட்டகையில்தான் அவருடைய வாழ்நாள் பணி நடந்தது.

கருவி இல்லாத ஆய்வகம்

1676 ஜூலையில் அவர் கிரீனிச்சில் குடியேறினார். அரசு கட்டடம் கொடுத்தது, கருவி கொடுக்கவில்லை! மூர் தம் சொந்தப் பணத்தில் ஏழடி ஆரமுள்ள செக்ஸ்டண்ட் ஒன்றும், தாமஸ் டாம்பியன் செய்த இரு கடிகாரங்களும் வழங்கினார். அக்கடிகார ஊசலின் நீளம் 13 அடி. நம் ஆய்வகத்தில் தனி ஊசலுக்குப் பயன்படுத்தும் சூத்திரத்தில் 3.96 மீட்டர் என்று இட்டுப் பாருங்கள். முழு அலைவுக்கு 4 வினாடி வரும். அந்தக் கடிகாரங்களைக் கொண்டு, சிரியஸ் என்னும் விண்மீன் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைக் கடக்கும் நேரத்தைக் குறித்து, புவி ஒரே சீராகச் சுழல்கிறது என்று காட்டினார்.

1679-இல் மூர் இறந்தார். கை கொடுத்த ஒரே கையும் போயிற்று. 100 பவுன் ஊதியத்தில் 10 பவுன் வரியாகப் போகும். 1676 முதல் 1709 வரை ஏறத்தாழ 140 மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்தார். 1684-இல் பர்ஸ்டோ என்னும் சிற்றூரின் திருச்சபைப் பொறுப்பும் கிடைத்தது. 1688-இல் தந்தை இறந்தபின் வந்த சொத்தைக் கொண்டு சுவரில் பொருத்தும் பெரிய வில்வடிவ அளவுகோல் ஒன்றை அமைத்தார். ஆபிரகாம் ஷார்ப் என்னும் திறமைமிக்க உதவியாளர் அதைச் செய்து, கோடுகளைத் தம் கையாலேயே பொறித்தார். செலவு 120 பவுன். வானியலாரின் ஓராண்டு ஊதியத்தை விட அதிகம்!

அதற்கு முன் செக்ஸ்டண்டைக் கொண்டே ஏறத்தாழ 20,000 அளவீடுகள் எடுத்திருந்தார். டைகோ பிராகி வெறுங்கண்ணால் ஒரு கலை அளவு துல்லியத்தை எட்டியவர். தொலைநோக்கியைப் பார்வைக் குழலாகப் பொருத்திய பிளாம்ஸ்டீட் பத்து விகலை அளவை எட்டினார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. ஆறு மடங்கு நுட்பம்! இதற்குக் குறுக்குவழி ஏதும் இல்லை. குளிர், பனி, மேகம், மூட்டுவலி. அத்தனையும் தாங்கி ஒரே விண்மீனை மீண்டும் மீண்டும் அளப்பதே வழி.

இருவேறு உள்ளங்கள்

1680 நவம்பரில் ஒரு வால்மீன் தோன்றிக் கதிரவனை நோக்கிச் சென்று மறைந்தது. டிசம்பரில் மற்றொன்று கதிரவனை விட்டு விலகிச் சென்றது. இரண்டும் ஒன்றே என்றார் பிளாம்ஸ்டீட். முதலில் மறுத்த நியூட்டன், பின்னர் ஒப்புக்கொண்டார். காந்த விசையே வால்மீனைத் திருப்பியது என்று பிளாம்ஸ்டீட் சொன்ன காரணம் சரியன்று. ஈர்ப்பு விசையே காரணம் என்று நிறுவியவர் நியூட்டன். அளந்தவர் கண் சரி. விளக்கியவர் மூளை சரி. இருவரும் சேர்ந்தாலல்லவா அறிவியல்!

ஆனால் அவர்கள் சேர்ந்திருக்கவில்லை. 1694 செப்டம்பரில் நியூட்டன் கிரீனிச்சுக்கு வந்தார். நிலவின் இயக்கத்தை முழுமையாக விளக்க அவருக்கு அளவீடுகள் தேவைப்பட்டன. பிறரிடம் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு நூற்றுக்கும் மேற்பட்ட நிலவு நிலைகளைக் கொடுத்தார் பிளாம்ஸ்டீட். போதவில்லை, விரைவில்லை என்று நியூட்டன் சினந்தார். என்னை வெறும் அளவெடுக்கும் ஆளாக எண்ணுகிறாரே என்று பிளாம்ஸ்டீட் வருந்தினார். நியூட்டன் 1703-இல் ராயல் சொசைட்டியின் தலைவரானதும் பிணக்கு முற்றியது. 1704-இல் அரசியின் கணவர் இளவரசர் ஜார்ஜ் அச்சுச் செலவை ஏற்றார், அச்சு தொடங்கியது. 1708-இல் அவர் மறைந்தார், அச்சு நின்றது. 1711 அக்டோபரில் ராயல் சொசைட்டி இல்லத்துக்கு அழைக்கப்பட்ட முதியவர், படியேறவே சிரமப்பட்டுச் சென்று, நியூட்டனிடம் கடுஞ்சொல் கேட்டுத் திரும்பினார். 1712-இல், இளமையில் அவருக்கு உதவியாக இருந்த ஹாலியே பதிப்பாசிரியராக அமர, முடிவுறாத பட்டியல் அவருடைய இசைவின்றி அச்சேறியது. 400 படிகள். அடுத்த ஆண்டு வெளிவந்த நியூட்டனின் பிரின்சிபியா நூலின் இரண்டாம் பதிப்பில் பல இடங்களிலிருந்து பிளாம்ஸ்டீட்டின் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? இதைப் பற்றி வகுப்புத் தோழர்களோடு நெடுநேரம் வாதிட்டிருக்கிறேன். நியூட்டன் பக்கமும் நியாயம் உண்டு. அரசு ஊதியம் பெற்று முப்பது ஆண்டு எடுத்த அளவீடு நாட்டின் சொத்து, கப்பல்கள் காத்திருக்கின்றன, அறிவு பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்கன்று. பிளாம்ஸ்டீட் பக்கமும் நியாயம் உண்டு. கருவிக்கும் கணக்கர்களுக்கும் இரண்டாயிரம் பவுனுக்கு மேல் தாமே செலவிட்டதாக அவர் கணக்குக் காட்டினார். அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. பிழையுள்ள எண் தம் பெயரில் வெளிவந்தால் அதை நம்பிக் கப்பல் செலுத்துபவன் கதி என்ன? என் முடிவு இதுதான். விரைந்து கொடுக்கும் கடமை அவருக்கு இருந்தது. ஆனால் உழைத்தவர் பெயரை நீக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆய்வகத்தில் ஒருவர் பொறுமையாக எடுத்த அளவீட்டைப் பத்துப் பேர் தம் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளும்போது, அந்த முதல் ஒருவரை நாம் நினைக்கிறோமா?

நெருப்பும் நூலும்

1714-இல் அரசி ஆன் மறைந்தார், காலம் மாறியது. விற்காமல் இருந்த 300 படிகள் 1716-இல் பிளாம்ஸ்டீட் கைக்கு வந்தன. தமக்கு உடன்பாடான பக்கங்களை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, மீதியை எல்லாம் தீக்கு இரையாக்கினார். எழுபது வயதை எட்டிய அம்முதியவர் பிறகு என்ன செய்தார்? மறுபடியும் தொடக்கத்திலிருந்து, தம் சொந்தச் செலவில், அச்சு வேலையைத் தொடங்கினார்! 1719 டிசம்பர் 31-ஆம் நாள் உயிர் பிரிந்தது. பர்ஸ்டோ ஊர்த் திருச்சபையில் அடக்கம் செய்யப்பட்டார். நூல் முடியவில்லை.

முடித்தவர்கள் மூவர். மனைவி மார்கரெட், கணக்கும் வானியலும் கற்றுக் கணவருக்கு உதவியவர். உதவியாளர் ஜோசப் கிராஸ்த்வெய்ட். முன்பு சொன்ன ஆபிரகாம் ஷார்ப். ஊதியம் எதிர்பாராமல் கிராஸ்த்வெய்ட்டும் ஷார்ப்பும் உழைத்தனர். 1725-இல் மூன்று தொகுதிகளாகப் பிரித்தானிய வான வரலாறு வெளிவந்தது. 2,935 விண்மீன்களின் நிலைகள் அதில் இருந்தன. 1729-இல் விண்மீன் வரைபடத் தொகுதியும் வந்தது. கணவர் வாங்கிய கருவிகள் அரசின் உடைமையல்ல என்று மார்கரெட் அவற்றை எடுத்துச் சென்றுவிட்டார். அடுத்த அரச வானியலாராக வந்த ஹாலியை வெறுமையான வானாய்வகமே வரவேற்றது!

நிலைத்தது எது?

1690-இல் ரிஷபத் தொகுதியில் ஒரு மங்கலான மீனைப் பிளாம்ஸ்டீட் குறித்து வைத்தார். அது விண்மீன் அன்று, யுரேனஸ் கோள்! 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கோள் என்று கண்டறிந்தார். கதிரவனைச் சுற்ற 84 ஆண்டு எடுக்கும் கோளுக்குப் பாதை கணிக்கப் பழைய அளவீடு வேண்டுமே? பிளாம்ஸ்டீட்டின் குறிப்பு கைகொடுத்தது. அப்பாதையில் கண்ட சிறு பிசகைப் பின்தொடர்ந்தே 1846-இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது.

1783-இல் பிரெஞ்சு வானியலார் லலாந்த், பிளாம்ஸ்டீட்டின் மீன்களுக்குத் தொகுதிவாரியாக எண் கொடுத்து வெளியிட்டார். எண் கொடுக்கும் எண்ணம் எதிலிருந்து வந்தது தெரியுமா? அவர் தீயிட்ட அதே 1712-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து! வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் சிரிக்கிறது. 1838-இல் பெஸ்ஸல் முதன்முதலாகத் தொலைவு அளந்த விண்மீனின் பெயர் 61 சிக்னி. 1995-இல் கதிரவனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி முதல் கோள் கண்டுபிடிக்கப்பட்டது. 2019-இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த விண்மீனின் பெயர் 51 பெகாசி. இந்த 61-ம், 51-ம் பிளாம்ஸ்டீட் எண்களே!

மாணவ நண்பர்களே! மன்னர் வில்லியம் தம் வலிமையைக் கல்லில் எழுதினார். அந்தக் கல் இன்றும் நிற்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னமாக 1988-இல் அறிவிக்கப்பட்டது. பார்ப்போர் வியந்து செல்கின்றனர்; எவரும் அதற்கு அஞ்சுவதில்லை. அதன் உச்சியில் ஒரு பருவம் நின்று வானம் பார்த்த நோயாளி இளைஞர் எழுதிய எண்களோ இன்றும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நம்முள் எல்லாரும் நியூட்டன் ஆகிவிட முடியாது. ஆனால் நம் கண்ணுக்கு எட்டியதை ஏமாற்றாமல் அளந்து, அளந்ததை மாற்றாமல் எழுதி வைக்க யாருக்கும் தடையில்லை. அதற்குக் குலமும் செல்வமும் தேவையில்லை. பொறுமையும் நேர்மையும் போதும். இன்று நம் ஆய்வகத்தில் நாம் எழுதும் ஓர் எண், நாம் அறியாத ஒருவருக்கு நாளை வழிகாட்டக்கூடும். அந்த எண் சரியாக இருக்கட்டும்!